பெயரில்லாத நீலம்

பிள்ளை நேர்ஸ் கீர்ஸ்டன் எங்கள் மகளை நிறுத்துப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த துவாயில் முதல் தடவையாகக் குப்புறக் கிடத்தினார். முதுகைத் தடவிக்கொண்டு கீழே போன அவருடைய கை, இடுப்புக்குக் கிட்ட வந்ததும் நின்றுவிட்டது.

அதுவரை பிள்ளையோடு கொஞ்சிக் கொஞ்சிக் கதைத்துக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்தினார். பெருவிரலால் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார். விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரலில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. மறுபடி தேய்த்தார்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ஹீற்றரில் காயப்போட்ட பிள்ளையின் சட்டைகளில் இருந்து ஈர வாசம் வந்தது. நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, குசினி வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். விருந்தாளி வந்தால் சிரிக்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு டேனிஷ் தெரியாது.

கீர்ஸ்டன் என்னைப் பார்க்கவில்லை. என் கணவர் அருளைப் பார்த்தார். (இந்தத் தொடரில் அவரை 'இவர்' என்றுதான் எழுதி வருகிறேன். கையில் ஊறிய பழக்கத்தை இனிமேலா மாற்றப்போகிறேன்?)

"இது எப்படி வந்தது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இவர் எட்டிப் பார்த்தார். மகளின் இடுப்புக்குக் கீழே, கத்தரிப்பூ நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீலம். பிறந்த நாளில் இருந்து இருப்பது.

"அது பிறக்கேக்கையே இருந்தது" என்பதை இவர், ஊரில் தபால் கந்தோர் வேலையில் பழகிய ஆங்கிலத்தில் சொன்னார்.

"ஆஸ்பத்திரியில் யாரும் எனக்குச் சொல்லவில்லையே."

இந்த இடத்தில் நம் வாசகிகள் சிரிப்பீர்கள் என்று தெரியும். நம்மில் எத்தனையோ பிள்ளைகள் இப்படி ஒரு நீலத்தோடுதான் பிறக்கின்றன. தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகிற வயதுக்குள் அது தானாக மறைந்துவிடும். எங்கள் ஊரில் நான் கேட்க அதற்கு யாரும் ஒரு பெயர்கூடச் சொன்னதில்லை. யாரும் திரும்பிப் பார்க்காத ஒன்றுக்குப் பெயர் எதற்கு? ஆனால் பெயரில்லாத ஒன்றை ஒரு வெள்ளைக்கார நேர்ஸுக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

கீர்ஸ்டன் அடுத்தடுத்துக் கேட்டார். பிள்ளை இரவில் அழுகிறதா? அழுதால் என்ன செய்வீர்கள்? உங்களுக்குக் கோபம் வருமா?

மூன்றாவது கேள்வியில் இவருக்கு விளங்கிவிட்டது. இவருடைய குரல் எழும்பியது. எங்கள் ஆட்கள் சும்மா கதைத்தாலே சண்டை பிடிப்பது போல இருக்கும். இவர் அன்று உண்மையாகவே சத்தம் போட்டார். மேசையில் கையால் அடித்தார்.

கீர்ஸ்டன் பிள்ளையை வாரி எடுத்துத் தன் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஒரு அடி பின்னால் போனார். என் பிள்ளையை என்னிடம் இருந்து காப்பாற்றுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தொட்டிலும் பல்கணியும்

கீர்ஸ்டன் கெட்டவர் என்று எழுதினால் என் கை அழுகிப்போகும். டென்மார்க்கில் பிள்ளை பிறந்தால் கொம்யூன், அதாவது ஊரை நிர்வகிக்கும் கந்தோர், வீட்டுக்கே ஒரு நேர்ஸை அனுப்பும். அந்தப் பதவிக்கு ஒரு முழ நீளத்தில் டேனிஷ் பெயர் உண்டு. என் நாக்கு இன்னும் அதில் தடக்கி விழும். நாங்கள் 'பிள்ளை நேர்ஸ்' என்போம். முதல் நாளே தன் கையால் பின்னிய மஞ்சள் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து மகளுக்குப் போட்டுவிட்டவர் கீர்ஸ்டன். எங்களுக்கு அந்த நாட்டில் கிடைத்த முதல் சொந்தம் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் அவருக்கும் எனக்கும் இடையில் சத்தமில்லாத ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் வந்த இரண்டாம் தடவை, பிள்ளையைப் பகலில் பல்கணியில் தூங்கப் போடச் சொன்னார். பனிக்காலத்தில்! நல்ல காற்று வேண்டுமாம். பேக்கரி வாசலில் பிள்ளை வண்டிகளை வரிசையாக விட்டுவிட்டு உள்ளே கோப்பி குடிக்கும் தாய்மாரை முதல் வாரமே பார்த்திருந்தேன். மூக்கு சிவந்து, அந்தக் குளிரில் அந்தப் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. இந்த ஊர்ப் பெண்களுக்குப் பெற்ற வயிறு இல்லை என்று அன்றே தீர்ப்பு எழுதிவிட்டேன். மேல்முறையீடும் கிடையாது.

அவருடைய பக்கத்துத் தீர்ப்பு, நான் பிள்ளையைக் குளிக்கவார்த்த அன்று எழுதப்பட்டிருக்க வேண்டும்.

லண்டனில் இருந்து ஒருவர் நல்லெண்ணெய்ப் போத்தல் கொண்டுவந்து தந்திருந்தார். நான் கால்களை நீட்டி நிலத்தில் உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் வைத்து உருவிக்கொண்டிருந்தேன். கையையும் காலையும் மாறி மாறி மடக்கி நீட்டி, மூக்கைப் பிடித்துவிட்டு, தலையை அமுக்கி... உங்களுக்குத் தெரியாததா! பிள்ளை வீரிட்டு அழுதது. எண்ணெய் வைத்தால் அழாத பிள்ளை உண்டா? அந்த நேரம் பார்த்து கீர்ஸ்டன் உள்ளே வந்தார். வாசலிலேயே நின்றார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது.

பிள்ளையின் கன்னத்தில் நான் வைத்திருந்த கறுத்த பொட்டைக் கைலேஞ்சியால் துடைத்தும் விட்டார். நான் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கப் பெண்தான். ஆனாலும் கண்ணூறு மதம் பார்த்து வருவதில்லையே. அவர் போனதும் மறுபடி வைத்தேன்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். குளியலில் அரண்டவர், நீலத்தைப் பார்த்ததும் பேயைக் கண்டார். நான் குளிரில் அரண்டவள். ஒரே பிள்ளையின் மேல் அக்கறை கொண்ட இரண்டு பெண்கள், ஒருவரை ஒருவர் பிசாசு என்று நினைத்துக்கொண்டு, ஒரே மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம்.

நீலத்தைக் கண்ட அன்று கீர்ஸ்டன் தேத்தண்ணி குடிக்கவில்லை. அடுத்த வாரம் கொம்யூனில் இருந்து ஒரு அதிகாரியுடன் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

டேனிஷுக்கு முன் படித்த பாடம்

இப்போது கீழ்வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவள் பெயர் இவாலு. கிரீன்லாந்துக்காரி. ஒரு மாடி கீழே, தன் கைப்பிள்ளையுடன் தனியாக இருந்தாள். உருண்டை முகம், சின்னக் கண்கள், நேரான கறுத்த முடி. முதலில் பார்த்தபோது ஜப்பான்காரி என்று நினைத்தேன். பிள்ளையின் பெயர் மாலிக். அதைக் கேட்டதும் இவர், "அப்ப முஸ்லிம் ஆக்கள்தான்" என்று முடித்துவிட்டார். மாலிக் என்றால் அவர்களுடைய பாசையில் கடல் அலை என்று பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நாங்கள் அந்த வீட்டுக்கு வந்த அன்றே, கட்டடத்தைப் பராமரிக்கும் மனுசர் கீழ்வீட்டுக் கதவைக் காட்டி, கட்டைவிரலை வாயருகே சரித்துக் கண்ணடித்தார். கிரீன்லாந்துக்காரர், குடிப்பார்கள் என்று அர்த்தம். டேனிஷில் ஒன்று, இரண்டு எண்ணப் பழகுமுன் நாங்கள் இதைப் படித்துவிட்டோம். பரீட்சை வைத்திருந்தால் முழுப் புள்ளி எடுத்திருப்போம்.

றெயில் ஸ்ரேசன் வாங்கில் கிரீன்லாந்துக்காரர் சிலர் பியர் குடித்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து வாங்கில் டேனிஷ்காரரும் அதே பியரைத்தான் குடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இவர்கள் எங்கள் கண்ணுக்குக் குடிகாரர். அவர்கள் வெயில் காய்பவர்கள்.

இவாலு குடித்து நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்க்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. படியில் அவள் வந்தால் இவர் என் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் ஒதுக்குவார்.

"இஞ்சரும், அவளோட கதை வச்சுக்கொள்ளாதையும். எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. பிறகு எங்களையும் அந்தக் கூட்டத்தில சேர்த்துப்போடுவாங்கள்."

அவள் ஒவ்வொரு முறையும் "ஹை" என்று வணக்கம் சொல்லுவாள். நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்வேன்.

எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது. இனத்தைச் சொல்லி வீட்டை எரித்தார்கள் என்று ஓடிவந்த நாங்கள், வந்து இறங்கிய நாட்டில் இன்னொரு இனத்தைச் சொல்லி ஒதுங்க எத்தனை கெதியாகப் பழகிக்கொண்டோம்! யாரும் அடித்துப் படிப்பிக்கவில்லை. ஒரு கட்டைவிரல் போதுமாக இருந்தது.

பெட்டி கட்டினோம்

அந்த வாரம் எங்கள் வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளையைப் பறித்து வேறு வீட்டில் வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள் என்று நாங்கள் முதலில் இருந்த அகதி முகாமில் ஒரு கதை உலாவியதுண்டு. அப்போது அதைக் கேட்டுச் சிரித்தவள் நான்.

எங்கள் பக்கத்தில் வேறு தமிழ்ப் பிள்ளை இருந்தாலாவது முதுகைத் திறந்து காட்டலாம். ரண்டர்ஸ் என்ற ஊரில் இவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் இருந்தான். அவனோ கலியாணமாகாத பொடியன்.

"ரண்டர்ஸுக்குப் போவம்" என்றார் இவர். "அங்கயிருந்து ஜேர்மனிக்கு ஆராவது கொண்டுபோய் விடுவினம்."

"பனிக்குள்ள கைப்பிள்ளையோட எப்பிடியப்பா எல்லை கடக்கிறது?"

"இல்லையெண்டா பிள்ளையைத் தாறதோ?"

பிள்ளையின் உடுப்பெல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு நிலவறையில் இருந்த உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போனேன். தோய்த்துப் பெட்டியில் அடுக்கவேண்டும்.

மெஷின் ஓடத் தொடங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற துணிவில் வாய்விட்டே அழுதேன். திரும்பினால் இவாலு நிற்கிறாள். முதுகில் மாலிக், கையில் உடுப்புக் கூடை.

என்ன நடந்தது என்று கேட்டாள். அவளுக்கு டேனிஷ் தண்ணீர் போல வரும். என்னிடம் இருந்ததோ ஒரு கைப்பிடிச் சொற்கள். இனிமேல் அவள் பேசியதையெல்லாம் என் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். அப்படித்தான் என் காதில் அவள் இன்னும் பேசுகிறாள்.

"நேர்ஸ்... பிள்ளை... நீலம்..." என்றேன். என் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். கையால் அடிப்பது போலக் காட்டி, இல்லை இல்லை என்று தலையாட்டினேன்.

அவளுடைய முகத்தில் ஏதோ மாறியது. கூடையை நிலத்தில் வைத்தாள்.

"எந்த நாள் வருகினம்? எத்தினை மணிக்கு?"

சொன்னேன். அவள் கூடையை அங்கேயே விட்டுவிட்டு மேலே போய்விட்டாள்.

இவரிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். "ஏன் அவளுக்குச் சொன்னனீர்? இனி ஊரெல்லாம் பறையடிப்பாள்."

மறுநாளே புறப்படுவதாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிரவு மகளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. காய்ச்சல் விட்டபோது, அவர்கள் வரும் நாளும் வந்துவிட்டது.

மேசையில் இரண்டு முதுகுகள்

கீர்ஸ்டனோடு வந்த அதிகாரி உயரமான பெண். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வந்தார். அந்த மரியாதையே எனக்குப் பயத்தைத் தந்தது.

அதே மேசை. துவாய் விரித்தார்கள். கீர்ஸ்டன் மகளின் உடுப்பைக் கழற்றிக் குப்புறக் கிடத்தினார். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. அவரும் அந்த வாரம் தூங்கியிருக்கமாட்டார் என்று இப்போது நினைக்கிறேன். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

அந்த நேரம் கதவு தட்டப்பட்டது.

இவர் திறந்தார். இவாலு நின்றாள். தலை வாரி, நல்ல உடுப்பு உடுத்தி, மாலிக்கைக் கையில் தூக்கி வைத்திருந்தாள். உள்ளே வரலாமா என்று கேட்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே மேசைக்கு வந்தாள். மாலிக்கை எங்கள் மகளுக்குப் பக்கத்தில், அதே துவாயில் கிடத்தினாள். மேற்சட்டை, கம்பளிக் காற்சட்டை, நாப்கின் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பிறகு அவனைக் குப்புறப் புரட்டினாள்.

அதே நீலம். அதே இடத்தில், அதே கத்தரிப்பூ நிறத்தில்.

பனிமலைக்கு நடுவில், சூரியனே எழும்பாத மாதங்கள் உள்ள நாட்டின் பிள்ளை அது. வெயிலைத் தவிர வேறொன்றும் தெரியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை இது. இரண்டு தாய்மாருக்கும் பொதுவாக ஒரு சொல் கிடையாது, ஒரு சாப்பாடு கிடையாது, ஒரு சாமி கிடையாது. கடவுள் இரண்டு முதுகிலும் ஒரே மையால் கைநாட்டு வைத்திருந்தார். மாலிக் தன் பக்கத்தில் கிடந்த புதுப் பிள்ளையின் காதைப் பிடித்து இழுக்கத் தொடங்கினான்.

கீர்ஸ்டன் இரண்டு நீலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்.

"எனக்கு இது தெரியும்" என்றார். "கிரீன்லாந்துப் பிள்ளைகளுக்கு இப்படி இருக்கும் என்று சில வருடங்களுக்கு முன் எங்கள் எல்லோருக்கும் சொல்லித் தந்தார்கள். உங்கள் பிள்ளையில் பார்த்தபோது அது நினைவுக்கே வரவில்லை."

எப்படி வரும்? எண்ணெயும், வீரிட்ட அழுகையும், இவருடைய சத்தமும் முந்திக்கொண்டு வந்து அவருடைய மனதில் இடம்பிடித்துவிட்டனவே. படித்தது பின்னால் வரிசையில் நின்றிருக்கும்.

கீர்ஸ்டன் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். நானும் அழுதேன், அவரும் அழுதார். அதிகாரி இவருக்கும் எனக்கும் கை தந்து, இந்த விசயம் முடிந்தது என்றார். வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தவர், இவாலுவைப் பார்த்து ஒன்று சொன்னார்.

"பிள்ளையை இந்தக் குளிரில் இப்படித் திறந்து வைக்கக்கூடாது. கவனமாக இருங்கள்."

இவாலு தலையை ஆட்டினாள். கதவு சாத்தப்பட்டது.

அவள் ஏன் வந்தாள்

மாலிக் சட்டைக்குள் கையை விடமாட்டேன் என்று அடம்பிடித்தான். இவாலு அவனோடு போராடிக்கொண்டிருந்தாள். இவர் நிலத்தைப் பார்த்தபடி, ஆங்கிலமும் தெரிந்த டேனிஷும் கலந்து கேட்டார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், இதைக் காட்டினா விடுவினம் எண்டு?"

"இவனுக்கு முதல் எனக்கொரு மகன் பிறந்தவன்" என்றாள் இவாலு. "அப்ப நான் வேறை ஊரில இருந்தனான். அவனுக்கும் இந்த நீலம் இருந்தது. அடிச்ச காயம் எண்டு சொல்லிச்சினம். அப்ப அவையளுக்கு இது தெரியாது. பிறகுதான் படிச்சவை. எல்லாருக்கும் சொல்லித் தந்ததெண்டு அந்த நேர்ஸ் சொன்னவ தானே?"

"அப்ப மகன்?" என்று நான் கேட்டேன்.

"வேறை வீட்டில வளருறான். இந்த வருசம் பள்ளிக்கூடம் தொடங்குறான்."

"பிழையெண்டு தெரிஞ்ச பிறகும் திருப்பித் தரேல்லையோ?"

"நீலம் பிழையெண்டு ஒத்துக்கொண்டவை. அதுக்கிடையில என்னைப் பற்றி வேறை கதையள் எவ்வளவோ சேர்ந்திட்டுது. குடிக்கிறன் எண்டும்தான்." சட்டையின் கடைசித் தெறியைப் பூட்டினாள். "இப்ப அவனுக்கு அந்த வீட்டு அம்மாதான் அம்மா."

எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. தன்னிடம் இருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுபோன அதே கூட்டத்தின் முன்னால், தன்னிடம் எஞ்சியிருந்த மற்றப் பிள்ளையையும் கொண்டுவந்து, உடுப்பைக் கழற்றிக் கிடத்தியிருக்கிறாள். அதுவும், படியில் கண்டால் சுவர்ப் பக்கம் ஒதுங்கிய எங்களுக்காக. என் வாழ்க்கையில் துணிச்சலான மனிதர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஷெல் அடிக்கு நடுவில் காயப்பட்டவர்களைத் தூக்கிச் சென்றவர்களைத் தெரியும். இவாலுவுக்குப் பக்கத்தில் வைக்க எனக்கு இன்னும் ஒருவர் கிடைக்கவில்லை.

"பயமாய் இருக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"பயம்தான்" என்றாள். "உங்கட கதவடிக்கு வந்திட்டு, தட்டாமல் திரும்பிக் கீழ போயிட்டன். வீட்டுக்குள்ள போய்ப் பூட்டியும் போட்டன். அப்பத்தான் உங்கட பிள்ளை அழுதது கேட்டது. கத்திக் கத்தி அழுதது. அதுதான் வந்தனான்."

மாலிக்கைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் படியிறங்கிப் போனாள். இவர் வாசலுக்கு வெளியே போய், அவள் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நின்றார்.

எங்கள் மகள் அன்று காலையில் அழவேயில்லை. நேர்ஸ் உடுப்பைக் கழற்றியபோதும் விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் கிடந்தாள். அதை நான் இவாலுவிடம் இன்றுவரை சொல்லவில்லை.